விவரம் தெரியாமல் வாங்குகிறார்களா? உப்பு சொல்லும் ஆறு உண்மைகள்

கோட்டக்குப்பத்தின் தெற்கு முனையில் புதுச்சேரி எல்லை தொடங்கிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் மரக்காணம் உப்பளம். ஒரு திசையில் கூலிக்கு உப்பு வாருகிறவர்கள். மறுதிசையில் அதே உப்பை அழகான ஜாடியில் அடைத்துப் பல மடங்கு விலைக்கு விற்கும் கடைகள். நடுவில் இருக்கிற எங்கள் ஊர் மளிகைக் கடைகளில் நின்று கேட்டால், எல்லோருக்கும் எல்லோரைப் பற்றியும் ஒரே குறைதான்: “விவரம் தெரியாம வாங்குறாங்க.”

இந்தக் குறை பெரும்பாலும் தவறு. ஒருவர் எதை, எப்போது, எவ்வளவு வாங்குகிறார் என்பதைத் தீர்மானிப்பது அவருடைய புத்தி மட்டும் அல்ல. பணம் எந்த நாளில் கைக்கு வருகிறது, கடை எதைக் கண்ணில் காட்டுகிறது, பக்கத்து வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பொருளியலும் உளவியலும் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன. நம்மிடையே புழங்கும் ஆறு நம்பிக்கைகளை அந்த ஆய்வுகளோடு ஒட்டிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: விலை ஏறினால் வாங்குவது குறையும், இறங்கினால் கூடும்.

உண்மை: பல பொருள்களுக்கு இது சரி. உப்புக்குச் சரிப்படாது. கிலோ 20 ரூபாய் உப்பு 30 ரூபாய் ஆனாலும் குழம்பில் போடுவது குறையாது. 10 ரூபாய்க்கு இறங்கினாலும் யாரும் கூடுதலாக ஒரு கரண்டி போடுவதில்லை. விலை மாறும்போது தேவை எவ்வளவு அசைகிறது என்பதைத் தேவையின் நெகிழ்ச்சி என்கிறோம். இந்தக் கருத்தை 1890இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக நிறுவியவர் ஆல்ஃபிரட் மார்ஷல். உப்புக்கு மாற்று இல்லை, அன்றாடம் வேண்டும், வீட்டுச் செலவில் அதன் பங்கோ மிகச் சிறியது. ஆகவே அதன் தேவை அசைவதில்லை.

ஆட்சியாளர்களுக்கு உப்பு வரி பிடித்துப்போன காரணமும் இதுவே. வரி எவ்வளவு போட்டாலும் மக்களால் வாங்காமல் இருக்க முடியாது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது இந்த வரியை எதிர்த்துத்தான்.

உப்பளத்துக்கு இதில் இன்னொரு கசப்பான பாடம் உண்டு. வெயில் நன்றாக அடித்து உப்பு குவிந்த ஆண்டில் விலை சரியும். விலை சரிந்ததற்காக ஊர் கூடுதலாக உப்புத் தின்னப் போவதில்லை. அதனால் நல்ல விளைச்சல் கண்ட ஆண்டே கையில் காசு குறைந்த ஆண்டாகவும் முடியலாம்.

நம்பிக்கை 2: வதந்தியைக் கேட்டுக் கடைக்கு ஓடுகிறவர்கள் அறிவில்லாதவர்கள்.

உண்மை: 2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, 11ஆம் தேதி மாலை, உத்தரப் பிரதேசம், தில்லி உள்ளிட்ட இடங்களில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று வதந்தி கிளம்பியது. கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்றதாகச் செய்திகள் வந்தன. நாட்டில் உண்மையில் உப்புப் பஞ்சம் ஏதும் இல்லை. உலகில் உப்பு அதிகம் விளைவிக்கும் மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பிறகு சீனாவிலும் இதேபோல் உப்புக் கடைகள் காலியாயின. உப்பில் உள்ள அயோடின் கதிர்வீச்சில் இருந்து காக்கும் என்று அங்கே நம்பினார்கள். அதற்கு உப்பில் உள்ள அளவு எந்த மூலைக்கும் போதாது.

வரிசையில் நிற்கும் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். வதந்தி பொய் என்றால் கூடுதலாக வாங்கிய இரண்டு கிலோ உப்பு வீட்டில் கிடக்கும், கெட்டுப் போகாது. வதந்தி மெய் என்றால் வீட்டில் உப்பில்லாமல் போகும். இந்த இரண்டையும் எடைபோட்டு வாங்குவது தனி ஒருவருக்கு அறிவான செயல்தான். எல்லோரும் அதையே செய்யும்போது இல்லாத தட்டுப்பாடு உண்டாகிவிடுகிறது. அந்த நேரத்தில் தேவை ஏச்சு அல்ல. கிடங்கில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று அரசு உடனே சொல்ல வேண்டும்.

நம்பிக்கை 3: விலை கூடுதல் என்றால் தரமும் கூடுதல்.

உண்மை: கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சோதனை 2008இல் வெளியானது. ஒரே திராட்சை மதுவை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டபோது குடித்தவர்கள் அதிகச் சுவை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்பத்தைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது படப்பதிவில் தெரிந்தது. விலை என்பது நாக்குக்கு முன்கூட்டியே சொல்லப்படும் செய்தி.

நம் கடைகளில் இதற்குச் சரியான சான்று இளஞ்சிவப்பு இந்துப்பு. இமயமலை உப்பு என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில் உள்ள கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியது. அதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு. மரக்காணம் பாத்தியில் விளைவதும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் கொடுக்கும் தாதுக்களால் உடம்புக்குப் பயன் வேண்டுமானால் உப்பை அள்ளித் தின்ன வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனமோ ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது.

கவனிக்க வேண்டியது அயோடின். நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்க 2006 மே மாதம் முதல் நாடெங்கும் தடை உள்ளது. வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். “இயற்கை” என்ற சொல்லைப் பார்த்து வாங்கும் உப்பில் அது இருக்கிறதா என்று பொட்டலத்தைப் பார்த்தால்தான் தெரியும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

நம்பிக்கை 4: ஏழைகளுக்குக் கணக்குத் தெரியாது, அதனால்தான் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்கிக் காசை வீணாக்குகிறார்கள்.

உண்மை: நான் அதிகம் கேட்பது இந்தப் பேச்சைத்தான், அதிகம் வருந்துவதும் இதற்குத்தான்.

பொட்டலக் கணக்கை முதலில் பார்ப்போம். ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து எளியவர் கைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் நம் பக்கத்துக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அந்தச் சிறு உறைகளை மில்லி கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் புட்டியைவிட உறையே மலிவாக இருக்கும். அரிசி, எண்ணெய், பருப்பில் நிலைமை வேறு. அங்கே சில்லறையாக வாங்கினால் கூடுதல் செலவு ஆகும். தினக்கூலி வாங்குகிறவருக்கு அது தெரியும். அவர் கையில் இருப்பது இன்றைய கூலி. மாதச் சாமானை மொத்தமாக வாங்க மாதச் சம்பளம் வேண்டும்.

இதைவிட ஆழமான சான்று நம் மாவட்டத்திலேயே கிடைத்தது. செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்பு வெட்டி ஆலைக்குப் போன பிறகே விவசாயிக்குப் பணம் வரும். வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும். வெட்டு முடிந்ததும் கை நிறையும். அதே மனிதரை இரண்டு காலத்திலும் உட்கார வைத்துச் சிந்தனைத் திறன் சோதனைகள் நடத்தினார்கள்.

வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 விழுக்காடு. சோதனையிலோ, பணம் வருவதற்கு முன் அதே விவசாயி குறைவாக மதிப்பெண் எடுத்தார். பணம் வந்த பின் கூடுதலாக எடுத்தார். படிப்பு மாறவில்லை, பிறப்பு மாறவில்லை, ஊர் மாறவில்லை. வட்டி என்ன, அடகை எப்போது மீட்பது, பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் கேட்பது என்ற ஓயாத கணக்கு அவருடைய கவனத்தைத் தின்றுகொண்டிருந்தது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

எல்லா இடத்திலும் இதே முடிவு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில் சிந்தனைத் திறனில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. சில நாள் இடைவெளி வேறு, ஓர் அறுவடை முழுக்கக் காத்திருப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று உறுதி: கணக்குத் தெரியாதவர் அல்ல அந்த விவசாயி. ஓயாமல் கணக்குப் போட்டே களைத்தவர்.

மரக்காணத்துக்கும் இது பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால் உப்பளத்தில் வேலை இல்லை. முன்பணமும் கடனும் பிறக்கும் காலம் அது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. சரியான மாதத்தில் வந்து சேரும் பணம் வயிற்றை மட்டுமல்ல, முடிவெடுக்கும் தெளிவையும் காக்கும் என்பதே கரும்பு ஆய்வு சொல்லும் பாடம்.

நம்பிக்கை 5: பாண்டிச்சேரி போய் வாங்கினால் எதுவும் மிச்சம்தான்.

உண்மை: புதுச்சேரியில் விற்பனை வரி குறைவாக இருந்த காலத்துப் பழக்கம் இது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. பெட்ரோல் அந்த வரிக்கு வெளியே நிற்பதால் அங்கே மலிவாகக் கிடைக்கிறது. உப்புக்கு இரண்டு இடத்திலும் அந்த வரியே இல்லை.

மிச்சம் பிடிப்பதிலும் மனம் ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981இல் வெளியிட்ட சோதனை இது. 15 டாலர் கால்குலேட்டர் இன்னொரு கடையில் 5 டாலர் குறைவு. 20 நிமிடம் வண்டியில் போக வேண்டும். போவோம் என்றவர்கள் 68 விழுக்காடு. கால்குலேட்டரின் விலை 125 டாலர் என்று மாற்றிக் கேட்டபோது, அதே 5 டாலருக்காகப் போவோம் என்றவர்கள் 29 விழுக்காடு மட்டுமே. மிச்சமாகும் தொகையை நாம் பார்ப்பதில்லை. விலையில் அது எத்தனை பங்கு என்று பார்க்கிறோம். அதனால்தான் கீரைக்கட்டில் 5 ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற நாம், ஃபிரிட்ஜ் வாங்கும்போது 500 ரூபாயைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் இல்லை.

நம்பிக்கை 6: விளம்பரக்காரர்கள் நமக்கே தெரியாமல் மூளைக்குள் புகுந்து வாங்க வைக்கிறார்கள்.

உண்மை: 1957இல் ஜேம்ஸ் விக்கரி என்ற அமெரிக்கர், திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசகங்களை மின்ன விட்டுச் சோளப்பொரியும் கோக்கும் விற்றதாகச் சொன்னார். உலகம் நம்பியது. 1962இல் அவரே அதில் நம்பத்தகுந்த தரவு இல்லை என்று ஒப்புக்கொண்டார். கதை மட்டும் இன்னும் சாகவில்லை.

நம்மை வாங்க வைப்பது கண்ணுக்கு நேரே நடக்கிறது. “இன்னும் இரண்டுதான் மீதி” என்ற பொய் அவசரம். கேட்காமலே கூடையில் ஏறும் கூடுதல் பொருள். கடைசிப் பக்கத்தில் முளைக்கும் கட்டணம். இணைய விற்பனையில் இத்தகைய 13 ஏமாற்று முறைகளைப் பட்டியலிட்டு, ஒன்றிய அரசு 2023 நவம்பர் 30 அன்று அவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மந்திரம் என்று நம்பினால் நாம் கைவிரித்துவிடுவோம். கண்ணெதிரே நடப்பது என்று தெரிந்தால் புகார் கொடுக்க முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாசகருக்கு

பொட்டலத்தைத் திருப்பி ஒரு கிராமுக்கு, ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். அதை அச்சிடும் விதி நடைமுறையில் இருக்கிறது. உப்பென்றால் அயோடினைப் பாருங்கள். பெரிய பொருள் வாங்கும்போது விழுக்காட்டை மறந்து ரூபாயை எண்ணுங்கள். கடையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் அம்மா ஐந்து ரூபாய்க்குச் சீயக்காயும் பத்து ரூபாய்க்கு எண்ணெயும் கேட்டால், விவரம் தெரியாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். அவருக்குக் கூலி எந்த நாளில் வருகிறது என்பதை அறியாதவர் நீங்கள்தான்.