அழைப்பு கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை: காரின் புளூடூத்தில் கோளாறு எங்கே?

மாணவர்களே, காரில் போகும்போது அத்தை அழைக்கிறார். அவர் குரல் காரின் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்கிறது. பேசி முடித்துப் பாட்டைப் போட்டால் சத்தமே இல்லை. "புளூடூத் போச்சு, புது ரேடியோ மாட்ட வேண்டியதுதான்" என்கிறார் அப்பா. அவர் பணத்தை எடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: புளூடூத் கெட்டிருந்தால் அத்தையின் குரல் எந்த வழியாக வந்தது?

அந்த ஓர் அழைப்பே நல்ல சான்று. ரேடியோவிலுள்ள புளூடூத் பகுதியும் காரின் ஒலிபெருக்கிகளும் வேலை செய்கின்றன என்று அது காட்டிவிட்டது. புளூடூத்தில் அழைப்புக்கு ஒரு புரோஃபைல், இசைக்கு வேறு புரோஃபைல். கைப்பேசியின் புளூடூத் அமைப்பில் காரின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். 'மீடியா ஆடியோ' அணைந்திருந்தால் அழைப்பு மட்டும்தான் கேட்கும். அது சரியாக இருந்தால் இன்னொரு கைப்பேசியை இணைத்துப் பாருங்கள். அதில் பாட்டு வந்தால் காரில் குறையில்லை. எந்தக் கைப்பேசியிலும் வரவில்லையா? சில பழைய கார்களின் புளூடூத் அழைப்புக்காக மட்டுமே செய்யப்பட்டது. அதைப் பழுதுபார்க்க முடியாது, ஏனென்றால் அது பழுதே அல்ல.

உங்கள் கைப்பேசி இணையவே மறுத்தால், அம்மாவின் கைப்பையைப் பாருங்கள். அவருடைய கைப்பேசி முந்திக்கொண்டு இணைந்திருக்கலாம்!

பாட்டு விட்டுவிட்டு வருவதுதான் சுவையான சிக்கல். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகிறது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். இந்த அலைகளை நீர் நன்றாக உட்கவரும். நம் உடலில் பாதிக்கு மேல் நீர்தானே? கைப்பேசியைக் கால்சட்டையின் பின்பையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தால், அலைகளுக்கு நீங்களே ஒரு சுவர்.

உண்மையா என்று சோதிக்கலாம். காரைத் திறந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரே பாட்டை ஐந்து நிமிடம் பின்பையில் வைத்துக் கேளுங்கள். பிறகு ஐந்து நிமிடம் டேஷ்போர்டில். கைப்பேசி இருக்கும் இடம் தற்சார்பு மாறி. பாட்டு எத்தனை முறை அறுகிறது என்பது சார்பு மாறி. இங்கே பலர் கோட்டை விடுவது, இணையத்திலிருந்து பாட்டை ஓடவிடுவதில்தான். நெடுஞ்சாலையில் இணையத் தொடர்பு அறுந்தாலும் பாட்டு நிற்கும், பழி புளூடூத்தின் மேல் விழும். ஆகவே கைப்பேசியில் பதிவிறக்கிய பாட்டையே போடுங்கள். வண்டி ஓடும்போது இந்தச் சோதனையெல்லாம் ஓட்டுநருக்கு வேண்டாம்.

டேஷ்கேமின் வை-ஃபையும் பெரும்பாலும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. நெரிசலில் சிக்காதிருக்க, புளூடூத் 79 தடங்களுக்கிடையே வினாடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. ஆனாலும் சந்தேகம் இருந்தால் டேஷ்கேமை அணைத்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள்.

புளூடூத் இல்லாத பழைய காரில், சிறிய புளூடூத் கருவி ஒன்றை ஆக்ஸ் துளையில் செருகி, சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் கொடுப்பார்கள். அதில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் கேட்கலாம். எண்ணெய் மிதியை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள் (கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டபடி). இரைச்சலின் சுருதியும் கூடவே ஏறினால் அது புளூடூத்தில் பிறந்ததல்ல. இயந்திரம் சுழற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. கருவியின் மின்கம்பியைக் கழற்றி, அதன் சொந்த பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால், அது அந்தக் கம்பி வழியாகத்தான் நுழைந்திருக்கிறது.

இதற்கு ஆக்ஸ் கம்பியின் நடுவில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி கார் உபரிப்பொருள் கடைகளில் கிடைக்கும். உள்ளே இருப்பது நீங்கள் பாடத்தில் படித்த மின்மாற்றிதான். இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பாட்டு காந்தப்புலம் வழியாகக் கடந்துவிடும். இரைச்சலைச் சுமந்து வந்த கம்பித் தொடர்பு அங்கேயே அறுந்துவிடும்.