பிள்ளை ஆயத்தமா? - டயப்பரை விடும் பருவம்

பெற்றோர் பாடம்

பிள்ளைக்கு இரண்டு வயது நெருங்கியதும் எமது வீடுகளில் ஒரு கேள்வி எழுகின்றது. "இன்னும் பம்பர்ஸ்தானோ?" என்று ஊரிலிருந்து வந்த அம்மம்மா கேட்பார். தொலைபேசியில் மாமியும் கேட்பார். ஒன்ராறியோவில் பிள்ளைக்கு நான்கு வயதாகும் ஆண்டின் செப்ரெம்பரில் பாலர் வகுப்புத் தொடங்குவதால், மார்கழியில் பிறந்த பிள்ளை மூன்று வயது எட்டு மாதத்திலேயே பள்ளிக்குச் செல்லலாம். அதை எண்ணிப் பெற்றோரும் கலங்குவர். இவை யாவும் பெரியவர்களின் நாட்காட்டியைப் பார்த்து எழும் கேள்விகள். பிள்ளையின் உடலும் மனமும் ஆயத்தமா என்பதே முதற் கேள்வியாக இருக்கவேண்டும். அதனை அறியும் வழியே இப்பாடத்தின் பொருள்.

1. அம்மம்மா சொல்வது பொய்யா?

"எங்கட காலத்தில ஒரு வயதுக்குள்ள பழக்கிப் போட்டம்" என்று அம்மம்மா சொல்வது பொய்யல்ல. குழந்தையைக் கால்களின்மேல் இருத்தி, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலியெழுப்பிச் சலம் விடச்செய்வது எமது பழைய வழக்கம். கென்யாவின் கரையோரத்தில் வாழும் டிகோ மக்களும் இவ்வாறே செய்கின்றனர் என்றும், அவர்களின் குழந்தைகள் ஐந்து, ஆறு மாதங்களிலேயே பெரும்பாலும் நனையாமல் இருக்கப் பழகுகின்றனர் என்றும் 1977 இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்று விபரித்தது.

ஆனால் இம்முறையில் முதலில் பழகுபவர் தாயே. நாள் முழுவதும் அருகிலிருந்து, குழந்தையின் முகக்குறிப்பை அறிந்து, உரிய வேளையில் அவரே தூக்கிச் செல்கிறார். பிள்ளை தானாக உணர்ந்து, சொல்லி, சென்று, உடையைக் கழற்றி இருப்பது வேறொரு திறமை. தாயும் தந்தையும் வேலைக்குப் போக, பராமரிப்பு நிலையத்தில் ஒருவர் பல பிள்ளைகளைக் கவனிக்கும் இந்நாட்டில் எமது பிள்ளைக்கு வேண்டியது இந்த இரண்டாவது திறமையே.

1961 இல் பம்பர்ஸ் விற்பனைக்கு வந்த காலத்திலேயே, அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பிரேசல்ற்றன் 1170 பிள்ளைகளின் விபரங்களைக் கொண்டு 1962 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வயதை மட்டும் பாராது, பிள்ளை காட்டும் அடையாளங்களைப் பார்த்துத் தொடங்குங்கள் என்பதே அவரது கருத்து. கனடியக் குழந்தை வைத்தியர் சங்கமும் 2000 ஆம் ஆண்டில் இவ்வழியையே பரிந்துரைத்தது. முந்தித் தொடங்கினால் முந்தி முடியும் என்பதும் உறுதியல்ல. 2003 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 27 மாதங்களுக்கு முன்னர் தீவிரமாகப் பழக்கத் தொடங்கியவர்கள் பொதுவாக முந்தி முடிக்கவில்லை. பழக்கும் காலமே நீண்டது.

2. ஆயத்தத்தின் அடையாளங்கள்

உடல்: பகலில் இரண்டு மணி நேரமளவு நனையாமல் இருத்தல். மலம் ஓரளவு ஒழுங்கான வேளையில், இளக்கமாகப் போதல். தள்ளாடாமல் நடந்து சென்று இருக்கக்கூடிய பலம். காற்சட்டையைத் தானே கீழிறக்க முயலுதல்.

அறிவு: "சப்பாத்தை எடுத்து அப்பாவிடம் கொடு" போன்ற இரண்டு படிகள் கொண்ட சொல்லை விளங்கிச் செய்தல். சலம், மலம் பற்றிச் சொல்ல ஒரு சொல்லோ சைகையோ இருத்தல். இங்கே ஒரு படிமுறை உண்டு. முதலில் பிள்ளை நனைந்த பின்னர் சொல்லும். அடுத்து, போய்க்கொண்டிருக்கும்போது கதிரைக்குப் பின்னால் ஒளித்து நிற்கும். அதன் பின்னரே வருமுன் சொல்லும். ஒளித்து நிற்கும் பிள்ளையைப் பேசவேண்டாம். தன் உடலில் நடப்பதை அது உணரத் தொடங்கிவிட்டது.

மனம்: பெரியவர்கள் மலசலகூடம் செல்வதைப் பின்தொடர்ந்து பார்த்தல். நனைந்த டயப்பரை வெறுத்தல். "நானே செய்வேன்" என்றல்.

இவை ஒன்றரை வயதுக்குப் பின்னர் ஒவ்வொன்றாகத் தோன்றும். பெரும்பாலான பிள்ளைகளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஒன்றுசேரும். எல்லாம் நிறைவாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்று பகுதியிலும் சில காணப்பட்டால் தொடங்கலாம். அதுவரை சும்மா இருப்பதும் சரியல்ல. பொற்றியை வாங்கி வைத்து, உடுப்போடு இருந்து பார்க்க விடலாம். சொற்களைச் சொல்லிக் கொடுக்கலாம்.

3. சற்றுப் பொறுக்கவேண்டிய வேளைகள்

தம்பியோ தங்கையோ பிறந்த வேளை, வீடு மாறும் வேளை, புதிய பராமரிப்பு நிலையத்தில் சேர்த்த வேளை, நோயுற்ற வேளை ஆகியன ஏற்றவையல்ல. அம்மம்மா ஊருக்குத் திரும்பிப் போவதற்குள் முடித்துவிடவேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். அவர் நிற்கும் காலத்தில் பிள்ளையை அவதானித்துச் சொல்லட்டும். அதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடையார்.

மலச்சிக்கல் இருந்தால் அதனை முதலில் தீர்க்கவேண்டும். ஒருமுறை நொந்தால் பிள்ளை அடுத்தமுறை அடக்கும். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகினால் மேலும் நோகும். இச்சுழற்சிக்குள் அகப்பட்ட பிள்ளையைப் பொற்றியில் பலவந்தமாக இருத்தினால் நிலைமை மோசமாகும். பழம், மரக்கறி, தண்ணீர் கொடுங்கள். நாளொன்றுக்கு 750 மில்லிலீற்றருக்கு மேல் பால் வேண்டாம். இரண்டு வயதிலும் போத்திலில் பால் குடித்து வயிறு நிரம்பிய பிள்ளைக்குச் சோறும் மரக்கறியும் இறங்காது.

4. தொடங்கியபின்

கோடைகாலம் வசதியானது. பனிக்கால உடுப்புகளைக் கழற்றி முடிப்பதற்குள் காரியம் நடந்துவிடும். எழுந்ததும், சாப்பாட்டின் பின்னரும், வெளியே புறப்படுமுன்னும் ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் இருத்துங்கள். கால் நிலத்தில் பதியவேண்டும். பெரிய இருக்கையானால் காலுக்குக் கீழ் ஒரு சிறு பலகை வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்கவும் கழுவவும் பழக்குங்கள். கோவிலுக்கு வந்தால் முதலில் மலசலகூடம் எங்கே என்று காட்டுங்கள். "பூசை முடியட்டும்" என்று பழகும் பிள்ளையிடம் சொல்லவேண்டாம்; அதற்கு அடக்கத் தெரியாது.

தவறினால் "பரவாயில்லை, அடுத்தமுறை பொற்றியில் இருப்போம்" என்று சொல்லித் துடைத்துவிடுங்கள். "சீ, நாற்றம்" என்பதும், "அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று மண்டபத்தில் பலர் முன் ஒப்பிடுவதும் பிள்ளையை ஒளிக்கவும் அடக்கவுமே கற்பிக்கும். பிள்ளை தொடர்ந்து மறுத்தால் ஒன்றிரண்டு மாதம் நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள்.

5. பிள்ளையின் சொல்லைப் பிறருக்கும் சொல்லுங்கள்

வீட்டில் "சூ வருது", "கக்கா வருது" என்று சரியாகச் சொல்லும் பிள்ளை, பராமரிப்பு நிலையத்தில் நாள்தோறும் நனைவதுண்டு. பிள்ளை அங்கும் சொல்லியிருக்கும், ஆசிரியைக்குத்தான் விளங்கியிருக்காது. பிள்ளையின் சொற்களை ஆங்கில எழுத்தில், பொருளோடு ஒரு தாளில் எழ்திக் கொடுங்கள். தமிழை விட்டு ஆங்கிலச் சொல்லுக்கு மாறத் தேவையில்லை. அவசரத்தில் வாயில் வருவது வீட்டுச் சொல்லே. நாம் கழுவுகிறோம், அங்கே கடதாசியால் துடைக்கிறார்கள் என்பதையும் பிள்ளைக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுங்கள்.

6. இரவும் வைத்தியரும்

இரவில் நனையாதிருப்பது பழக்கத்தால் மட்டும் வருவதன்று. உடல் முதிர்ச்சியால் வருவது. ஐந்து வயதிலும் ஏறக்குறைய 15 சதவீதமான பிள்ளைகள் இரவில் நனைக்கின்றனர். அதற்காகத் தண்டிக்கக் கூடாது. ஆனால் சலம் போகும்போது நோவு, தொடர்ந்த மலச்சிக்கல், மாதக்கணக்கில் நனையாதிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தல், நான்கு வயதாகியும் பகலில் பழகாமை ஆகியவற்றில் எதையேனும் கண்டால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டுப் பயிற்சி

அடுத்த மூன்று நாட்களுக்கு ஒரு தாளைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டி, டயப்பர் நனைந்த நேரம், மலம் போன நேரம், அதற்கு முன்னர் பிள்ளை செய்த சைகை, சொன்ன சொல் ஆகியவற்றை வீட்டிலுள்ள யாவரும் குறித்து வாருங்கள். நான்காம் நாள் அதனை இரண்டாம் பகுதியிலுள்ள அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று தொடங்குவதா, இன்னும் இரண்டு மாதம் பொறுப்பதா என்பது அத்தாளிலிருந்தே தெரியும்.