செவுள் ஒட்டுண்ணி: வேலை கரையிலேயே முடிய வேண்டும்

ஏரியில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கிய பிறகு, "என்ன மருந்து ஊற்றலாம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் பிடிப்பதில்லை. தொட்டிக்கு மருந்து உண்டு, பண்ணைக்குட்டைக்கும் உண்டு; ஏரிக்குக் கிட்டத்தட்ட இல்லை. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். செவுள் புழுவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஃபார்மலின் அளவு ஒரு கன மீட்டர் நீருக்கு 25 மில்லிலிட்டர். சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஏரியில் ஒரு ஹெக்டேருக்கு 15,000 கன மீட்டர் நீர் நிற்கும். அதற்கே 375 லிட்டர் ஃபார்மலின் வேண்டும். 40 ஹெக்டேர் ஏரி என்றால் 15,000 லிட்டர். லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்ட ஒருவருக்கு வசதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஃபார்மலின் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்: லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின் சேர்த்தால் ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஆக்சிஜன் குறையும் என்பது மீன் வளர்ப்பில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. அப்படியானால் 25 மில்லிகிராமுக்கு 5 போய்விடும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் முழுமையாகப் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம்தான். ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீனுக்கு இது சிகிச்சையாகாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட்டால் ஹெக்டேருக்கு 30 கிலோ ஆகும். அதில் பெரும்பகுதியைப் புழுவைச் சேருமுன்பே பாசியும் மட்கும் செலவழித்துவிடும். பூச்சி மருந்துகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவை கட்லாவின் உணவான விலங்கு மிதவைகளை முதலில் கொல்லும். அதே தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, வயலும் குடிக்கிறது.

ஆகவே ஏரி மீனின் செவுள் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தும் வேலை முழுக்க முழுக்க ஏரிக்கு வெளியே, குஞ்சு இறக்குவதற்கு முன்பே நடக்க வேண்டும் என்கிறேன். இதற்கு வரக்கூடிய மறுப்புகள் பல, சில வலுவானவை. அவற்றுக்குள் போகுமுன் செவுளை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சிஜன் இருக்கிறது. ஏரி நீரில் நல்ல நேரத்திலேயே ஏழெட்டு மில்லிகிராம்தான். இந்தச் சொற்பத்தை எடுக்க மீனுக்கு உள்ள ஏற்பாடு, செவுள் இழைகளின் மேல் வரிசையாக நிற்கும் நுண்தகடுகள். நீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே அங்கே இருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள சவ்வு மட்டுமே. டாக்டைலோகைரஸ் எனும் செவுள் புழு தன் பின்முனைக் கொக்கிகளை இதில்தான் மாட்டுகிறது. புழு தின்பது கொஞ்சம். மீனைக் கொல்வது மீனின் சொந்த எதிர்வினை: எரிச்சலில் சவ்வு தடிக்கிறது, சளி பெருகுகிறது, பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு விடும் பரப்பு சுருங்கிப்போகிறது. தோலில் ஒட்டும் மீன் பேனை மீன் பல வாரம் சுமந்துகொண்டு திரியும். செவுளில் சுமை ஏறினால், ஆக்சிஜன் இறங்கும் ஒரு விடியற்காலையே போதும்.

இதனால்தான் இந்த நோயை ஆக்சிஜன் குறைவு என்று எண்ணிவிடுவது மிக எளிது. இரண்டையும் பிரித்தறியக் கருவி இல்லாத இடத்தில் நான் நம்பும் அடையாளம் நேரம். ஆக்சிஜன் குறைவால் மேலே வரும் மீன்கள் விடியலுக்கு முன் வரும், இனம் பாராமல் எல்லாம் வரும், வெயில் ஏறிப் பாசி ஆக்சிஜன் விடத் தொடங்கியதும் கீழே போய்விடும். நண்பகலிலும் ஓர் இனம் மட்டும் கரையோரம் வந்து, செவுள் மூடியை அகல விரித்துக்கொண்டு, வரத்து வாய்க்காலின் வாயில் மொய்த்துக்கொண்டு நின்றால் செவுளைப் பார்த்தே ஆக வேண்டும். மதிய வெயிலில் மீன் திணறுவதைக் கண்டும் காற்றூட்டியைத் தேடி ஓடுவது நேர விரயம். செவுள் பழுப்பாக இருந்தால் மட்டும் நைட்ரைட் நஞ்சைச் சந்தேகிக்கலாம். செவுள் புழு உள்ள மீனில் அது வெளிறியோ திட்டுத்திட்டாகச் சிவந்தோ சளி மூடியோ இருக்கும்.

பார்ப்பது எப்படி என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. செத்து மிதக்கும் மீனைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, "ஒட்டுண்ணி இல்லை" என்று அறிக்கை வாங்குவதில் பொருளில்லை; மீன் செத்ததும் செவுள் புழு விட்டுப் பிரியும், அல்லது அடையாளம் தெரியாமல் சிதையும். மீன் உயிரோடு வர வேண்டும். அப்போதே கொன்று, செவுள் இழையின் நுனியைச் சிறிதாக நறுக்கி, அதே ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து உடனே பார்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைச் சொட்டினால் நாமே கொன்றுவிட்டுத் தேடுவதாகும். நாற்பது மடங்கு பெரிதாக்கும் பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும். நீண்டும் சுருங்கியும் நெளிவது கண்ணில் படும். தலையில் நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தால் டாக்டைலோகைரஸ். புள்ளியில்லாமல், வயிற்றுக்குள் கொக்கியோடு ஒரு குட்டி தெரிந்தால் கைரோடாக்டைலஸ். அது பெரும்பாலும் தோலிலும் துடுப்பிலும் வாழ்வது. இந்த வேறுபாடு வெறும் பெயர் விவகாரமில்லை, கீழே தெரியும்.

ஒரு மீனை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. ஒட்டுண்ணிகள் எல்லா மீன்களிலும் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பாலான மீன்களில் ஒன்றிரண்டோ எதுவுமில்லாமலோ இருக்க, சில மீன்கள் மட்டும் மொத்தச் சுமையையும் தாங்கும். இந்தச் சமமின்மையே ஒட்டுண்ணி வாழ்க்கையின் அடிப்படைக் குணம் என்று 1971இல் ஒட்டுண்ணியியலாளர் கிராஃப்டன் கணிதமாக எழுதிக் காட்டினார். கரையில் கிடைத்த திணறும் மீனை மட்டும் அறுத்தால் ஏரியே அழிந்துவிட்டதாகத் தோன்றும். நடுவில் வீச்சு வலையில் விழுந்த கொழுத்த மீனை மட்டும் அறுத்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இரு இடங்களிலிருந்தும் சேர்த்து ஓர் இனத்துக்குப் பத்து மீனாவது பார்த்தால்தான் பேச்சுக்கு அடிப்படை கிடைக்கும்.

முதல் மறுப்பு: இயற்கை ஏரி மீன்கள் எல்லாவற்றுக்கும் செவுளில் ஏதாவது இருக்கத்தான் செய்கிறது, அவை வாழ்ந்துகொண்டுதானே இருக்கின்றன? உண்மைதான். டாக்டைலோகைரஸில் மட்டும் 900க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கெண்டைக் குடும்பத்து மீன்களில், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மீனினங்களோடு மட்டும் கட்டுப்பட்டு வாழ்பவை. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த இணைகளில் புழு மீனைக் கொல்வது அரிது. ஆனால் அந்த இணக்கம் அந்த மீனுக்கும் அந்தப் புழுவுக்கும் இடையிலானது. மீனை இடம் மாற்றும்போது அது கூட வருவதில்லை. ஆரல் ஏரியில் நடந்ததைவிட இதற்குத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1930களில் காஸ்பியன் கடலிலிருந்து செவ்ருகா எனும் ஸ்டர்ஜன் மீனை ஆரலுக்குக் கொண்டுபோனார்கள். அதன் செவுளில் நிட்சியா ஸ்டூரியோனிஸ் என்ற புழு இருந்தது. செவ்ருகாவுக்கு அது பழகிய சுமை. ஆரலின் சொந்த ஸ்டர்ஜனோ அந்தப் புழுவைக் கண்டதே இல்லை. 1936இல் அந்த மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஏரியும் அதன் நீரும் முன்பு போலவேதான் இருந்தன. மாறியது, கரையிலிருந்து உள்ளே விடப்பட்ட மீன் மட்டும். நம் ஏரிகளில் நாம் விடும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வட இந்திய ஆற்று மீன்கள். ஒவ்வோர் ஆண்டும் எங்கோ நெருக்கி வளர்த்த குஞ்சுகளாக வருகின்றன. "இயற்கைச் சமநிலை" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அந்த நெருக்கம்தான் புழுவின் தொழிற்சாலை. டாக்டைலோகைரஸுக்கு இடையில் நத்தையோ வேறு விலங்கோ தேவையில்லை. முட்டை நீரில் விழும், 28 டிகிரி வெப்பத்தில் சில நாளிலேயே பொரியும், நீந்தும் இளம்புழு சில மணி நேரத்துக்குள் ஒரு செவுளைக் கண்டுபிடித்தாக வேண்டும். விரிந்த ஏரியில் பெரும்பாலான இளம்புழுக்கள் வீணாகும். நாற்றங்கால் குளத்தில் எந்தப் பக்கம் நீந்தினாலும் மீன்தான். குஞ்சு வாங்கும்போது அந்தக் குளத்தின் நெருக்கத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறோம்.

கரையில் செய்யக்கூடியது எளிமையானது: கல்லுப்பு. 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ உப்பைக் கரைத்து, குஞ்சுகளைக் கூடை வலையோடு இரண்டு முதல் ஐந்து நிமிடம் முக்கி எடுப்பது. முதலில் பத்துக் குஞ்சை விட்டுப் பார்க்க வேண்டும். புரளத் தொடங்கினால் நேரம் முடிந்தது என்று பொருள், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். நெடும்பயணம் வந்த குஞ்சைப் பையிலிருந்து நேரே உப்பில் போடவும் கூடாது, ஓர் இரவு தெளிய விட வேண்டும். ஆனால் இந்தக் குளியலை ஒரு முறை செய்துவிட்டு நிம்மதி அடைபவர்களுக்குத்தான் மேலே சொன்ன வேறுபாடு முக்கியம். கைரோடாக்டைலஸ் குட்டி போடுவது; உள்ளதைக் கொன்றால் கதை முடிந்தது. டாக்டைலோகைரஸ் முட்டையிடுவது, முட்டையை உப்பு தொடாது, ஃபார்மலினும் தொடாது. முட்டை பொரிந்து, புதுப் புழு முட்டையிடும் வயதை எட்டுமுன் இரண்டாவது குளியல் நடக்க வேண்டும். நம் வெப்பத்தில் நான்கைந்து நாள் இடைவெளி, இயன்றால் மூன்றாவதாகவும் ஒன்று. அந்த இடைநாட்களில் குஞ்சுகள் ஏரியில் கட்டிய ஹாப்பா எனும் வலைக்கூண்டில் இருந்தால் பயனில்லை. ஹாப்பா மீனை அடைக்கும், முட்டையை அடைக்காது. தனியான சிமெண்ட் தொட்டியோ தார்ப்பாய்க் குட்டையோ வேண்டும், அதன் கழிவுநீர் ஏரிப்பக்கம் போகாமல் வயலுக்கோ தோப்புக்கோ போக வேண்டும்.

அதே காரணத்தால், எங்கும் சொல்லித்தரப்படும் ஒரு பழக்கத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆக்சிஜன் பையை ஏரியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பையைக் கவிழ்த்துவிடு என்பார்கள். வெப்பம் பற்றிய பாதி சரி. கவிழ்ப்பதில்தான் நாற்றங்காலின் தண்ணீர், முட்டை, இளம்புழு எல்லாம் ஏரிக்குள் இறங்குகின்றன. சமப்படுத்துவதை ஒரு தொட்டியில் செய்து, குஞ்சை வலையில் அள்ளிவிட்டு, பைத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிடலாம். கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

முதல் மறுப்பைவிடக் கனமான இரண்டாவது மறுப்பு காலம் பற்றியது. மழை பெய்து ஏரி நிரம்பினால்தான் குஞ்சு விட முடியும். குத்தகை நாளோ ஓடிக்கொண்டிருக்கும். லட்சக்கணக்கான குஞ்சுக்குத் தொட்டிக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. லட்சம் பொடிக்குஞ்சுகளை முக்கி எடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொடிக்குஞ்சுகளை விரால் உள்ள ஏரியில் விடுவதே பெரும்பாலும் விராலுக்குத் தீனி போடுவதுதான். ஏரிக்கு நான்கைந்து அங்குலம் வளர்ந்த குஞ்சுகளே பொருத்தம். எண்ணிக்கை பெரிதும் குறையும், பிழைப்பது கூடும். அவற்றைச் சில தவணைகளாக, ஒவ்வொரு தவணையையும் தொட்டியில் ஒரு வாரம் வைத்து இறக்குவது நடைமுறைக்கு அப்பாற்பட்டதல்ல. மழைக்கு முன்பே சிறு குட்டையில் வளர்க்கத் தொடங்குபவருக்குக் காலமும் இழப்பில்லை.

அடுத்தது எனக்கே முழு விடை இல்லாத மறுப்பு. நம் ஏரிகள் சங்கிலியாக இருப்பவை. மேல் ஏரியின் கலிங்கு வழியும் நீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. மேலே ஒருவர் கண்டபடி குஞ்சு விட்டால் கீழே எவ்வளவு கவனமாக இருந்து என்ன? ஓரளவு உண்மை, வரத்து வாயில் வலை கட்டினால் மீனைத் தடுக்கலாம், முட்டையை முடியாது. ஆனால் பல ஏரிகளுக்குக் கோடை என்றொரு காவல் இருக்கிறது. நீர் வற்றி, சேறு வெடித்துக் காய்ந்தால் செவுள் புழுவின் முட்டையும் காய்ந்து சாகும். கட்டுப்பட்ட மீன் இல்லாமல் அது பருவம் தாண்டாது. மீன் வளர்ப்பவர் ஏரி வற்றுவதைத் துக்கமாகப் பார்க்கிறார். இந்த ஒரு கணக்கில் அது லாபம். வற்றாமல் நடுவே நிற்கும் குழிகளில் தங்கும் மீன்களைப் பிடித்தெடுத்து, ஈரச் சேற்றில் சுண்ணாம்பு தூவுவது அந்த லாபத்தைக் காப்பது.

இந்தக் காவல் மிக்சோபோலஸ் எனும் மற்றொரு செவுள் ஒட்டுண்ணிக்குப் போதாது. செவுளில் வெள்ளைக் கட்டிகளாகத் தெரியும் இதன் வித்துகள் சேற்றில் நெடுநாள் தாங்கும். இதன் உறவினமான, டிரவுட் மீனைச் சுழல வைக்கும் ஒட்டுண்ணி சேற்றுப் புழுவுக்குள் ஒரு பாதி வாழ்க்கையை நடத்துகிறது என்பதை 1984இல் வுல்ஃப், மார்கிவ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் சாணமும் மட்கும் குவிந்து சேற்றுப் புழு கொழிக்கும் ஏரியில் இது திரும்பத் திரும்ப வரும்; உப்புக் குளியலும் கட்டிக்குள் போகாது. கட்டி தெரியும் குஞ்சுகளை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், உரமாகச் சாணம் கொட்டுவதைக் குறைப்பதும்தான் வழி. அதே சமயம் வெள்ளைப் புள்ளி எல்லாம் பகையும் இல்லை: நம் நன்னீர் மட்டிகளின் இளம் உயிரிகளும் சில காலம் மீன் செவுளில் ஒட்டியிருந்துவிட்டு, தாமாகவே உதிர்ந்துவிடும். நுண்ணோக்கியில் இரட்டை ஓடு தெரியும்; பார்க்காமல் குஞ்சைத் திருப்பி அனுப்பினால் நட்டம் விற்பவருக்கு.

இவ்வளவும் செய்யாமல் புழு ஏற்கெனவே ஏரிக்குள் பெருகிவிட்டால்? அப்போதும் ஏரியில் ஊற்ற ஒன்றுமில்லை, எடுக்க நிறைய இருக்கிறது. விற்கும் அளவை எட்டிய மீன்களை உடனே பிடித்து நெருக்கத்தைக் குறைப்பதே கையிலுள்ள ஒரே பலமான கருவி. இளம்புழுவுக்குச் செவுள் கிடைப்பது அதனால் அரிதாகிறது. சாணம் கொட்டுவதையும் மிகுதியான தீவனத்தையும் நிறுத்தினால் விடியற்கால ஆக்சிஜன் கொஞ்சம் உயரும், சுமை உள்ள மீனுக்கும் மூச்சு கிடைக்கும். செத்தவற்றை அன்றன்றே அள்ளிக் கரைக்கு அப்பால் புதைக்க வேண்டும். அந்த ஏரியில் நனைந்த வலையை வெயிலில் மொறமொறவென்று காயவைக்காமல் அடுத்த ஏரிக்கு எடுத்துப்போகக் கூடாது. அந்தப் பருவத்தில் புதுக் குஞ்சு இறக்குவதையும் நிறுத்திவிட வேண்டும். குத்தகை எவ்வளவு மிச்சமிருந்தாலும் சரி.