போகிக்கு முன் ஒரு பதில்

ஆம்பூர்,
மார்கழிக் கடைசி

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. போகிக்கு அப்பாவின் பழைய தோல் ஷூவை எரிக்கலாமா என்று போனில் கேட்டாய். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். நீ கெமிஸ்ட்ரி படிக்கப் போனவள். காரணம் சொல்லாத ‘வேண்டாம்’ உனக்குப் போதாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாலு வருஷமாக யாரும் போடாமல் பீரோவில் இருந்த ஷூவின் அடிப்பாகம் எப்படித் தானாகப் பொடிந்தது என்றும் கேட்டாய். அது பாலியூரித்தேன். அந்த வகை அடிப்பாகம் பலவற்றில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் ஆகும்போது தண்ணீர் வெளியேறும் என்று படித்திருப்பாய். அன்று வெளியேறிய தண்ணீர் இன்று சென்னைக் காற்றின் ஈரமாகத் திரும்பி வந்து பிணைப்பை அறுக்கிறது. பூட்டிய அலமாரியில் ஈரம் வெளியே போக வழியில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மேல்தோலைத் தடவிப் பார். அது மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது? அதில்தான் தோல் ஆலையில் என் முப்பது வருஷ வேலை இருக்கிறது.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு மாதிரி அதன் அமைப்பு. அதைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்; ஆண்டு 1954. உன் புத்தகத்தில் இது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் உன் பேராசிரியரைக் கேள். நம் ஊரில் நடந்த வேலை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் அறுபது டிகிரியைத் தாண்டியதும் அந்தக் கயிறு முறுக்கவிழ்ந்து சுருங்கிவிடும். இன்னும் காய்ச்சினால் கரைந்து, தச்சர்கள் வைத்திருப்பார்களே, அந்த வஜ்ரம் ஆகும். கயிறு அவிழாமல் ஆங்காங்கே முடிச்சுப் போடுவதுதான் பதனிடுதல். என் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் குழிகளில் வாரக்கணக்கில் ஊறப்போட்டார்கள். மெட்ராஸ் தோல் என்று கப்பலேறியது அதுதான். பிறகு குரோமியம் வந்தது. 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னையில் குரோம் தோலை முயன்று பார்த்தார். கமலையில் நீர் இறைக்கும் தோல்பைக்கு அது உதவும் என்பது அவருடைய எண்ணங்களில் ஒன்று. வாரக்கணக்கில் ஆன வேலை ஒரே நாளில் முடிந்தது.

அந்த ஒரு நாளை நீ நேரில் பார்க்க வேண்டும். முதலில் டிரம்மில் அமிலமும் உப்பும் சேர்த்தால் தோலின் பி.எச். மூன்றுக்குக் கீழே இறங்கும். அந்த நிலையில் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகள் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளாது. அதனால் அப்போது ஊற்றும் குரோமியம் தடையில்லாமல் உள்வரை இறங்கிவிடும். பிறகு சோடா பைகார்பனேட், உன் அம்மாவின் ஆப்ப சோடாவேதான், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவோம். பி.எச். நாலை நெருங்கும்போது கார்பாக்சில்கள் குரோமியத்தைப் பற்றிக்கொள்ளும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் மேலே மட்டும் பிடித்து உள்ளே பச்சையாக நிற்கும். மறுநாள் காலையில் டிரம்மைத் திறந்தால் அத்தனை தோலும் வெளிர்நீலம். ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கும் நீரில் போடுவோம். சுருங்காவிட்டால் வேலை முடிந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இனி அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று பார். ஒடிசாவின் சுகிந்தாவில் குரோமைட் கல்லாகத் தோண்டுகிறார்கள். அதைச் சோடா சாம்பலோடு கலந்து காற்றோட்டமுள்ள சூளையில் வறுத்தால் குரோமியம் ஆறாம் இணைதிறனுக்கு ஏறும். அதைத்தான் சோடியம் டைகுரோமேட்டாக, ஆரஞ்சு நிறத்தில் ஆக்குகிறார்கள். புற்றுநோய் உண்டாக்கும் நிலை அதுவே. பிறகு அமிலத்தில் கரும்பாலைக் கழிவுப்பாகு போன்ற ஒன்றைச் சேர்த்தால் ஆரஞ்சு பச்சையாக மாறி, ஆறு மூன்றாக இறங்கும். ஷூவில் இருப்பது இந்த மூன்று. தனிமம் ஒன்றுதான், எலக்ட்ரான் கணக்கு மட்டும் வேறு. உடலைத் தொடும் தோல்பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் கட்டுப்படுத்துவது இதனால்தான்.

இப்போது எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கும் பகுதி. நான் லேபில் ஒவ்வொரு லாட்டுக்கும் தோலில் எவ்வளவு குரோமியம் ஏறியது என்று அளந்து எழுதினேன். வழக்கமான முறையில் போட்டதில் 60–70 விழுக்காடுதான் தோலில் ஏறும். மிச்சம் வடிந்த தண்ணீரில் போனது. அதை அளக்கச் சொல்லி ஆரம்ப வருஷங்களில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 100 கிலோ பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க 30, 40 கிலோ உப்புத் தேய்ப்பார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பு பெரும்பாலும் தண்ணீரில் இறங்கும். ஒரு டன் பச்சைத் தோலில் கடைசியாகத் தேறுவது 200, 250 கிலோ தோல். பாக்கி எங்கே? பாலாற்றங்கரையில் உன் பாட்டி வீட்டுக் கிணறு உப்பானபோது எனக்கு அந்தப் பாக்கி தெரிந்தது. பாட்டி அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று மட்டும் சொன்னார். என்னை எதுவும் கேட்கவில்லை.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே சீர்செய்யும் செலவைத் தர வேண்டும் என்றது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயமாயின. இன்று சவ்வால் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கித் தண்ணீரை மீட்கிறார்கள். அப்போதும் கடைசியில் நிற்பது யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பு மூட்டைகள். உப்பைச் சுத்திகரித்து ‘இல்லாமல்’ ஆக்க முடியாது, பாப்பா. இடம் மாற்றலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆவாரம்பட்டைக்கே திரும்பலாமே என்பாய். பட்டை உரிக்கச் செடிகள் வேண்டும், நாட்கள் வேண்டும். பட்டை ஊறிய தண்ணீரும் ஆற்றில் விட்டால் ஆக்சிஜனைக் குடித்துவிடும். இயற்கை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்பிவிடாதே, குரோமியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பயந்துவிடாதே. எத்தனை கிலோ, எந்த இணைதிறன், எந்தத் தண்ணீர் என்று கேள். தேர்வில் வலப்பக்கம் விளைபொருளை எழுதினால் மதிப்பெண் தருவார்கள். நீ உன் நோட்டில் வடிந்ததையும் ஆவியானதையும் கரண்டியில் ஒட்டியதையும் சேர்த்து எழுது. நான் இருபத்தைந்து வயதில் செய்யத் தவறியது அது. நீ பதினெட்டிலேயே தொடங்கலாம்.

ஷூவுக்கு வருகிறேன். போகி நெருப்பில் என்ன இருக்கிறது? சூடு, காற்று, காரத்தன்மை உள்ள விறகுச் சாம்பல். குரோமைட்டைச் சூளையில் வறுப்பதற்கும் இதே மூன்றுதான் வேண்டும். உன் வாசலில் அந்தச் சூளை சின்னதாக எரியும். மூன்றாக இறக்கிய குரோமியத்தில் ஒரு பகுதி மறுபடி ஆறாகலாம். விடிந்ததும் தெருக்குழந்தைகள் மேளம் அடித்துக்கொண்டு அந்தச் சாம்பலை மிதிப்பார்கள். பாலியூரித்தேன் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் வரும்.

பொடிந்த அடியைச் சுரண்டி ஒரு கவரில் கட்டித் தனியே வை. மேல்தோலைச் சோப்புப் போட்டு ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்து. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. பஸ் ஸ்டாண்டு அருகே உட்கார்ந்து தைக்கும் அண்ணனிடம் ரப்பர் அடி போடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் கால் அளவு ஒன்பதா பத்தா என்று மட்டும் கேட்டு எழுது.

உன்
மாமா