வில்லன் நுழையும் வாசல்

வத்தலக்குண்டு

அன்புள்ள தம்பிக்கு,

நீ வரையப்போகும் சூப்பர் ஹீரோ தொடரில் வில்லனுக்கு எத்தனை பக்கம், நாயகனைச் சுற்றியிருப்பவர்களுக்கு எத்தனை பக்கம் என்று கேட்டிருக்கிறாய். பக்கத்தைப் பங்கு பிரித்தால் இரு தரப்புமே இளைத்துப்போகும். துணைப்பாத்திரத்தின் வீட்டு வாசல் வழியாகவே வில்லனை உள்ளே கொண்டுவா. அப்போது ஒரே பக்கம் இருவருக்கும் வேலை செய்யும்.

இரும்புக்கை மாயாவி துணைக்கு ஆளே இல்லாமல் ஜெயித்தாரே என்று கேட்பாய். 1972-ல் முத்து காமிக்ஸ் அவரோடுதான் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து உலோகக் கை மட்டும் மிதக்கும் காட்சியை ஒரு தலைமுறையே நெஞ்சில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் பிறந்த பிரிட்டிஷ் இதழான 'வேலியன்ட்'டில் 1962 முதல் நடந்ததைப் பார். முதலில் அவரே குற்றவாளி, பிறகு நிழல் படையின் உளவாளி, அதற்கும் பிறகு உடுப்பு மாட்டிய சூப்பர் ஹீரோ. கூட வளர ஆளில்லாத தொடரில் புதுமை வேண்டுமென்றால் நாயகனின் பிழைப்பைத்தான் மாற்றியாக வேண்டும். அந்தக் கையை மறக்காத வாசகரிடம் அவருடைய எதிரிகள் நாலு பேரின் பெயரைக் கேட்டால் திணறுவார்.

இதற்கு நேர் எதிர் டெக்ஸ் வில்லர். முகமூடி இல்லை, மாயசக்தி இல்லை. ஆனாலும் 1948-ல் இத்தாலியில் தொடங்கிய தொடர் இன்றும் ஓடுகிறது. நம் லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு இரவுக்கழுகார் டெக்ஸ் மட்டும் வந்தால் போதாது. சலித்துக்கொண்டே கூட வரும் வெள்ளிமுடியார் கார்சனும், மகன் கிட்டும், டைகர் ஜாக்கும் வேண்டும். எதிர்ப்பக்கத்தையும் கவனி. மேடையில் வித்தை காட்டுபவனாக அறிமுகமான மெபிஸ்டோவுக்குத் தங்கை இருக்கிறாள், யமா என்ற மகன் இருக்கிறான். அப்பன் விட்ட பகையை மகன் எடுத்துக்கொள்கிறான். நாயகனுக்கு ஒரு குடும்பம், வில்லனுக்கு ஒரு குடும்பம் என்றானதால் பழைய எதிரி திரும்பி வருவது அரைத்த மாவாகத் தெரிவதில்லை. அமெரிக்க ஸ்பைடர்-மேனிலும் இதே சூத்திரம்தான். கிரீன் காப்ளின் யார்? ஸ்பைடர்-மேனான பீட்டரின் நண்பன் ஹாரியின் அப்பா. அது 1966-ல் தெரியவந்த பிறகு, வில்லனை அடிப்பது நண்பனின் வீட்டை இடிப்பதாகவும் ஆனது.

எல்லாரும் எல்லாருக்கும் உறவென்றால் செயற்கையாக இருக்காதா என்பது நியாயமான கேள்வி. நம் ஊர் ராஜம் ஐயர் 1893-ல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடராக எழுதத் தொடங்கினார். பேயாண்டித் தேவன் என்ற கொள்ளைக்காரன் அதில் உண்டு. ஆனாலும் குடும்பத்தின் நிம்மதியைக் குலைப்பது ஓரகத்தி பொன்னம்மாளின் பொறாமையும் ஊர்ப்பெண்களின் வம்புப்பேச்சும். வாசகர் அதைச் செயற்கை என்று தள்ளவில்லை, ஏனென்றால் பகை பெரும்பாலும் பழகிய இடத்தில்தான் முளைக்கிறது. ரத்த உறவுதான் வேண்டுமென்பதில்லை. கடன் கொடுத்தவன், வேலை போட்டுத் தந்தவன், பழைய வாத்தியார் என்று எந்தக் கட்டும் போதும். எல்லா வில்லனையும் இப்படிக் கட்டாதே. ஓரிரு இதழில் வந்துபோகிற அசலூர்க்காரனும் தொடருக்குத் தேவை; அவன் இருந்தால்தான் உள்ளூர்ப் பகையின் கனம் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. 1973-ல் காப்ளின் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைக் கொன்றது வாசகரை உலுக்கியது, ஏனென்றால் அவளைப் பல வருடம் அறிந்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, அறிமுகமான மறு இதழிலேயே காதலியைக் கொல்பவர்களுக்கு அந்த அதிர்ச்சி கிடைக்காது. கதைக்கு உதவக்கூடிய ஓர் ஆளை இழந்ததுதான் மிச்சம். துணைப்பாத்திரத்துக்கு நாயகனைச் சாராத ஓர் ஆசையைக் கொடு. அந்த ஆசைக்குக் குறுக்கே யார் நிற்பார் என்று யோசி. உன் அடுத்த வில்லன் அவன்தான்.

அன்புடன்,
உன் ஊர்க்காரன்