தொப்புள்கொடி உள்ள மீன்

மீன்கள் முட்டையிடுபவை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியானால், பிறந்த குட்டியின் மார்பில் தொப்புள்கொடித் தழும்பு தெரியும் மீனை என்னவென்று சொல்வது?

இந்தியக் கரையோரக் கடலில், சிறப்பாக மும்பை, குஜராத் பகுதிகளில், திரளாக வாழும் சிறு சுறா ஒன்று உண்டு. விலங்கியல் பெயர் ஸ்கோலியோடான் லாட்டிகாடஸ். மூக்கு மண்வெட்டித் தகடுபோல் தட்டையானது. நன்கு வளர்ந்தாலும் முக்கால் மீட்டரைத் தாண்டாது. கல்லூரி மாணவர்கள் பல தலைமுறையாக அறுத்துப் பயின்ற சுறா இந்தச் சாதிதான். இதன் உடலமைப்பை விளக்கி 1928-இல் நூல் எழுதியவர் முத்தம்மா தில்லையம்பலம் என்ற இலங்கைத் தமிழ்ப் பெண்மணி.

பல சுறாக்களின் முட்டை, கோழிமுட்டையின் மஞ்சள் கரு அளவுக்குப் பெரியது. கருவுக்கு வேண்டிய உணவு அதிலேயே இருக்கும். இந்தச் சுறாவின் முட்டையோ ஏறத்தாழ 1 மி. மீ. தான், கடுகைவிடச் சிறியது! மஞ்சள் கரு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் பிறக்கும் குட்டியின் நீளம் 12 முதல் 15 செ. மீ. அவ்வளவு வளர உணவு எங்கிருந்து வந்தது?

தாயிடமிருந்துதான். கரு சில மில்லிமீட்டர் இருக்கும்போதே கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கே நச்சுக்கொடி உண்டாகிறது. தாயின் இரத்தமும் கருவின் இரத்தமும் கலப்பதில்லை; மெல்லிய திசுக்களின் வழியே உணவும் ஆக்சிஜனும் கடந்து செல்கின்றன. தொப்புள்கொடியின் மேல் நூல்நூலாகக் கிளைகள் வேறு! பாலூட்டிகளுக்கே உரியது என்று நாம் நினைக்கும் ஏற்பாட்டை மீனும் தனியாகக் கண்டடைந்திருக்கிறது. வேறொரு சுறாவில் இதை அரிஸ்டாட்டில் அன்றே எழுதிவைத்தார். நெடுங்காலம் பலர் நம்பவில்லை. 1842-இல் ஜெர்மானிய அறிஞர் யோஹான்னஸ் முல்லர் அது சரியென்று காட்டினார்.

கர்ப்பகாலம் 5, 6 மாதம். ஓர் ஈற்றில் சுமார் 6 முதல் 18 குட்டிகள். ஓரிரு ஆண்டில் பருவமடைந்துவிடும். சுறா இனத்தில் இது மிக விரைவு. பெரிய சுறாக்கள் சிலவற்றுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். வயதை எப்படி அறிவது என்கிறீர்களா? மரத்தின் வளையங்களைப்போல், முதுகெலும்புக் கண்ணிகளில் உள்ள வளையங்களை எண்ணுகிறார்கள்.

ஆயினும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தியோடு இது போட்டியிட முடியாது. இழுவலையில் ஒரு சினைச்சுறா சிக்கினால் ஓர் ஈற்றே போயிற்று. இன்னும் குட்டி ஈனாதவையும் அதே வலையில் விழுகின்றன.

மீன் சந்தையில் இந்தச் சுறாவைக் கண்டால் அடிவயிற்றுத் துடுப்புகளைப் பாருங்கள். விரல்போன்ற இரு உறுப்புகள் நீண்டிருந்தால் ஆண், இல்லையென்றால் பெண். பிறகு நீளத்தை அளந்து பாருங்கள். பெண் சுறா பருவமடைவது 33 முதல் 35 செ. மீ. அளவில். உங்கள் முன் கிடப்பது 30 செ. மீ. பெண் என்றால், அது பெரும்பாலும் ஒருமுறைகூடக் குட்டி ஈன்றிருக்காது.