கைபேசியும் எட்டாம் கற்பனையும்



மேகமலையின் மேல் நின்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு வயலும் தோப்புமாகப் பசுமையாய்த் தெரியும். இப்பசுமைக்குப் பெருங்காரணம், 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. அணை இருப்பது கேரள மண்ணில். தண்ணீர் பாய்வது நம் பக்கம். ஆகையால் அதைப் பற்றிய ஒவ்வொரு சொல்லும் இரு தரப்பார் நெஞ்சிலும் தைக்கும்.

2011 டிசம்பர் நினைவிருக்கிறதா? அணை உடையுமென்ற அச்சம் அங்கே. தண்ணீர் போய்விடுமென்ற அச்சம் இங்கே. குமுளிப் பாதை அடைபட்டது. ஏலத்தோட்டக் கூலிக்கு ஜீப்பில் மலையேறிய பெண்கள் வேலையிழந்தார்கள். அணைக்கு ஒன்றும் நேரவில்லை. ஏழையின் அடுப்புத்தான் அணைந்தது.

2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாமென்று தீர்ப்பளித்தது. ஆயினும் 2021 அக்டோபரில் மழை வலுத்தபோது, அணையைக் கைவிட வேண்டுமென்ற ஒரே வாசகம் ட்விட்டரில் பரவிற்று. சினிமா நடிகரும் சேர்ந்து கொண்டார். தேனியில் உருவபொம்மை எரிந்தது. வீண் பீதி பரப்புவோர்மேல் நடவடிக்கை எடுக்கப்படுமென்று கேரள முதலமைச்சரே சட்டசபையில் எச்சரித்தார்.

சொல் செய்யும் வேலையைக் கவனியுங்கள். அணைக்கு ‘ஆபத்து’ என்று மட்டும் பெயரிட்டால், தண்ணீர் கேட்பவன் கொடியவனாகத் தோன்றுவான். ‘உரிமை’ என்று மட்டும் பெயரிட்டால், பயப்படுகிறவன் திருடனாகத் தோன்றுவான். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்துக்கொண்டவர்கள் இன்று வெறும் ‘மலையாளி’, ‘தமிழன்’ ஆகிவிடுகிறார்கள். நூறு பேர் ஒரே செய்தியை அனுப்பினால் அதுவே ஊரார் அபிப்பிராயம் என்று நம்பிவிடுகிறோம். அனுப்பாமல் மௌனமாயிருந்த ஆயிரம் பேரை யார் எண்ணினார்கள்?

பொய்ச்சாட்சி நீதிமன்றக் கூண்டில் மட்டுமே சொல்லப்படுவதென்று எண்ணலாகாது. விசாரியாமல் அனுப்பும் செய்தியும் சாட்சியே. பாப்பரசர் பிரான்சிஸ் 2018-ம் ஆண்டு சமூகத் தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்திகளைக் குறித்தே எழுதினார்.

வாட்ஸாப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அதைக் கண்டால் சற்று நில்லுங்கள். இதைச் சொன்னவர் யார்? எந்த ஆண்டுச் செய்தி? பத்திரிகையில் வந்த இன்றைய நீர்மட்டம் என்ன? அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் பிள்ளையை உறங்கவைக்கும் ஒரு தாய் எதிரே இருந்தால், இதே சொல்லை அவளிடம் சொல்வேனா?

இந்நான்கு கேள்விகளையும் இன்றிரவு செபமாலை முடிந்தபின் உங்கள் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.